உருண்டைப் பொருளில் லேசர் எழுத்து: ரோட்டரியை முதன்முறையாகப் பொருத்துவோருக்கு

தட்டையான பலகையில் பெயர் பொறித்துக் கை பழகியதும் அடுத்து மனம் போவது பெரும்பாலும் உருண்டையான ஏதாவது ஒன்றின்மேல்தான்: ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு பேனா, ஒரு தம்ளர். அதற்கென்றே ரோட்டரி என்ற துணைக்கருவி இருக்கிறது. என்னுடையது வந்த நாளில் கேபிளைச் செருகினேன், கறுப்புப் பூச்சுள்ள எஃகுத் தம்ளரை வைத்தேன், தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். பெயர் வந்தது, எழுத்துகள் விலாவோடு விலா நசுங்கி, மூன்றில் ஒரு பங்கு அகலத்தில். மென்பொருள் விட்டம் கேட்ட கட்டத்தில் நான் சுற்றளவை அடித்திருந்தேன். மூன்றில் ஒரு பங்கு என்றதுமே காரணம் புரிந்திருக்க வேண்டும். பை என்பது மூன்றே சொச்சம்தானே. எனக்குப் புரிவதற்கு இரண்டாவது தம்ளரும் பலியானது.

ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். எதையோ உருட்டுகிறோம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. லேசர் தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் ஒய் அச்சு மோட்டாரின் கேபிளைக் கழற்றி, அதை ரோட்டரியின் மோட்டாரில் செருகுகிறோம். இயந்திரம் தன் போக்கில் "40 மி.மீ. முன்னே போ" என்று ஆணையிடுகிறது, ரோட்டரி அதை ஒரு சுற்றாகவோ அரைச் சுற்றாகவோ மாற்றிக்கொள்கிறது. அந்த 40 மி.மீ. பொருளின் மேற்பரப்பில் எத்தனை மி.மீ. ஆகிறது என்ற கணக்கைச் சொல்லிக்கொடுப்பது மட்டுமே நம் வேலை.

எந்த வகை?

இரண்டு வகை ரோட்டரிகள் பரவலாகக் கிடைக்கின்றன. ரோலர் வகையில் இரண்டு உருளைகள் இணையாக இருக்கும். பொருள் அவற்றின் மேல் படுத்திருக்கும். ஓர் உருளை மோட்டாரால் சுழல, பொருள் உராய்வால் சேர்ந்து உருளும். சக் வகையில் மூன்று தாடைகள் பொருளைக் கவ்விக்கொண்டு சுழற்றும்.

ரோலரின் பெரிய வசதி, பொருளின் விட்டம் கணக்கில் நுழையாது என்பது. உருளையின் மேற்பரப்பு 10 மி.மீ. நகர்ந்தால், அதன்மேல் படுத்திருப்பது பேனாவானாலும் பெரிய புட்டியானாலும், அதன் மேற்பரப்பும் 10 மி.மீ. தான் நகரும். வழுக்காதவரை! சக் அப்படியல்ல. அது கோணத்தைத்தான் தருகிறது. ஒரே கோணம் பருத்த பொருளில் நீண்ட தூரமாகவும் மெலிந்த பொருளில் குறுகிய தூரமாகவும் ஆகும். ஆகவே சக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் விட்டத்தை அளந்து கொடுத்தே ஆகவேண்டும். பதிலுக்கு அது வழுக்காது.

நேரான சுவருள்ள தம்ளர்களை மட்டும் செய்யப்போகிறவருக்கு ரோலர் போதும். கைப்பிடி உள்ளவை, ஒருபுறம் குறுகியவை, மோதிரம் போலச் சிறியவை என்றெல்லாம் ஆசை இருந்தால் முதலிலேயே சக் வாங்குவது நல்லது.

செருகுவதற்கு முன்

மின்சாரத்தை முழுதாக நிறுத்துங்கள். யுஎஸ்பி கேபிளையும் எடுத்துவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது, படிபடியாகச் சுழலும் இந்த ஸ்டெப்பர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றினால் அதை இயக்கும் டிரைவர் சில்லு எரிந்துபோகலாம். ரோட்டரியில் நேரும் விபத்துகளில் பணம் அதிகம் செலவாவது இதில்தான்.

ஆனால் மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பே இப்போதைய அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஆர்பிஎல் என்ற நிரல் ஓடும் கட்டுப்பாட்டுப் பலகை என்றால் கட்டளைப் பெட்டியில் $$ என்று அடித்தால் எல்லா எண்களும் பட்டியலாக வரும். அதை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். நமக்கு வேண்டியவை நான்கு: $101 ஒய் அச்சில் ஒரு மி.மீ.க்கு எத்தனை படிகள் என்பது, $111 அதன் உச்ச வேகம், $121 அதன் முடுக்கம், $22 இயந்திரம் தன் மூலையைத் தேடிப்போகும் ஹோமிங்.

அந்த $22ஐ இப்போதே 0 ஆக்கிவிடுங்கள். மென்பொருளில் இயந்திரத்தை இணைத்ததும் தானாக ஹோமிங் செய்யும் தெரிவு இருந்தால் அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் விழித்ததும் ஒய் அச்சின் எல்லைச் சுவிட்சைத் தேடும். தலை நகராததால் அந்தச் சுவிட்ச் ஒருபோதும் அழுந்தாது. தம்ளர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பிழைச் செய்தி வரும்.

இணைப்பு

சில டையோடு லேசர் இயந்திரங்களில் ஒய் அச்சுக்கு இடமும் வலமுமாக இரண்டு மோட்டார்கள் இருக்கும். இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ரோட்டரி சுற்றும்போது, தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒருபக்கமாக இழுபடும்.

செருகியபின் மோட்டார் சுற்றாமல் அந்த இடத்திலேயே நடுங்கி முனகினால் பயப்பட வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டாருக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். நான்கு கம்பிகள் இரண்டிரண்டு ஜோடிகளாக வெளியே வருகின்றன. கேபிளில் அந்த ஜோடி மாறியிருக்கிறது என்று பொருள். ஜோடியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மோட்டாரை எதிலும் இணைக்காமல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்து, அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றுவது சட்டென்று கடினமானால் அவை இரண்டும் ஒரு ஜோடி.

எல்லோரும் மறப்பது இன்னொன்று. ஒய் மோட்டாரைக் கழற்றியதும் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தலை இடமும் வலமும் வேகமாக ஓடும்போது அதிர்வில் சட்டம் மெல்ல நகரும். இரண்டு கவ்விகளை வைத்து அதைச் சட்டகத்தோடு பூட்டிவிடுங்கள். கோடுகள் காரணமே இல்லாமல் அலைபாய்வதாகத் தோன்றினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நேராக, மட்டமாக

ரோட்டரியின் அச்சு, தலை ஓடும் எக்ஸ் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். லேசரை மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு புள்ளியாக எரியவிட்டு, தலையைப் பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள். புள்ளி பொருளின் உச்சிக்கோட்டின் மேலேயே ஓட வேண்டும். ஒரு முனையில் உச்சியிலும் மறுமுனையில் சரிவிலும் விழுந்தால் ரோட்டரியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினால் என்ன ஆகும்? 73 மி.மீ. விட்டமுள்ள தம்ளரில் 5 மி.மீ. விலகினால் மேற்பரப்பு 0.34 மி.மீ. தாழ்கிறது, பெரும்பாலான லேசர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். 10 மி.மீ. விலகினால் 1.4 மி.மீ. தாழும். அப்போது கோடு தடித்து மங்கிவிடும். பேனா போன்ற மெல்லிய பொருளில் இந்தச் சலுகைகூடக் கிடையாது. அங்கே ஒரு மி.மீ. விலகலே கதிரைச் சரிவில் கொண்டுபோய்ச் சாய்க்கும்.

உயரத்தையும் இரண்டு முனையிலும் பாருங்கள். பொருளின் உச்சியில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட, தலைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள குவியத் தூரத்தை இரு முனையிலும் அதே அளவுக்கட்டையால் சோதிப்பது நம்பகமானது. நமக்கு வேண்டியது பூமிக்கு மட்டமல்ல, தலை ஓடும் பாதைக்கு மட்டம். சட்டகத்தின் கால்களை உயர்த்த வேண்டியிருக்கும். சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர் இயந்திரம் என்றால் தேன்கூட்டுத் தட்டை எடுத்துவிட்டு மேடையை இறக்க வேண்டியிருக்கும்.

சட்டகத்தை உயர்த்தியதும் பாதுகாப்புத் தடுப்புக்கும் மேசைக்கும் இடையே ஓர் இடைவெளி திறந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வளைந்த, பளபளப்பான எஃகு கதிரை விசிறிபோலப் பல திசைகளிலும் தெறிக்கவைக்கும். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை நீங்கள் மட்டுமல்ல, அறையில் இருக்கும் எல்லோரும் அணிய வேண்டும். நீல டையோடுக்கான கண்ணாடி பெரும்பாலும் 450 நானோமீட்டர் அருகே தடுக்கும். சிஓ2 லேசருக்கு 10.6 மைக்ரோமீட்டர். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்கும் போதும் என்று நம்ப வேண்டாம்.

எண்கள்

லைட்பர்ன் மென்பொருளில் லேசர் கருவிகள் பட்டியலுக்குள் ரோட்டரி அமைப்புப் பெட்டி இருக்கிறது. அதில் வகையைத் தேர்ந்து, அச்சு ஒய் என்று கொடுத்து, ரோட்டரியை இயக்கத்தில் வையுங்கள். அடுத்து அது கேட்பது, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது. புதியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அது பொருளின் சுற்றளவு என்று நினைத்துவிடுகிறார்கள். அல்ல. ரோட்டரி ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்கு, தான் எத்தனை மி.மீ. நகர்ந்ததாக இயந்திரம் நினைக்கும் என்பதே அந்த எண். ரோலரில் அது உருளையின் ஒரு சுற்று. சக்கில் தாடையின் ஒரு சுற்று.

கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் 3200. $101 எண் 80 என்றால், 3200ஐ 80ஆல் வகுக்க 40 மி.மீ. வருகிறது. மோட்டாருக்கும் சக்குக்கும் இடையே இரண்டுக்கு ஒன்று என்ற பற்சக்கரக் குறைப்பு இருந்தால் 80. சில சிஓ2 இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள் மி.மீ.க்குப் பதிலாக ஒரு சுற்றுக்கான படிகளையே நேராகக் கேட்கும். அங்கே கடைசி வகுத்தலை விட்டுவிடலாம்.

உள்ளே எத்தனை பல் சக்கரம் என்று தெரியாதவர்களுக்குக் கையால் அளக்கும் வழி இருக்கிறது. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ரோட்டரித் தெரிவை அணைத்துவிடுங்கள். உருளையிலோ தாடையிலோ பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நகர்த்தும் பொத்தான்களால் ஒய் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அந்தக் கோடு சரியாக ஐந்து முறை சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வரும்வரை போங்கள். மொத்தத் தூரத்தை ஐந்தால் வகுத்தால் விடை. ஒரே சுற்றில் அளந்தால் கண் தவறும். ஐந்து சுற்றில் அந்தத் தவறு ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

ரோலருக்கு அடுத்து உருளையின் விட்டத்தைக் கொடுங்கள். ரப்பர் உறை போட்ட உருளை என்றால் உறையோடு சேர்த்து அளக்க வேண்டும். சக்குக்குப் பொருளின் விட்டம். வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால், ஒரு காகிதப் பட்டையைப் பொருளைச் சுற்றி இறுக்கி, விளிம்பு சேரும் இடத்தில் குறித்து, பிரித்து அளந்தால் சுற்றளவு கிடைக்கும். 73 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 229.3 மி.மீ. விட்டக் கட்டத்தில் விட்டத்தையும் சுற்றளவுக் கட்டத்தில் சுற்றளவையும் நிரப்புவது எப்படி என்று நான் யாருக்கும் பாடம் எடுக்கும் நிலையில் இல்லை.

சோதனை

நல்ல பொருளில் நேராக இறங்காதீர்கள். பொருளின் மேல் ஓவியர்கள் பயன்படுத்தும் காகித நாடாவைச் சுற்றி ஒட்டி, 50 மி.மீ. சதுரம் ஒன்றும் "க" என்ற எழுத்து ஒன்றும் குறைந்த ஆற்றலில் பொறியுங்கள். எழுத்து எதற்கு என்றால், ரோலரில் உருளை ஒரு திசையில் சுற்ற, பொருள் எதிர்த் திசையில் சுற்றும். சக்கில் அப்படி இல்லை. ஆகவே படம் கண்ணாடிப் பிம்பமாக வர நல்ல வாய்ப்பிருக்கிறது. சதுரம் அதைக் காட்டிக்கொடுக்காது. பிம்பமாக வந்தால் அமைப்புப் பெட்டியில் திசையைப் புரட்டும் தெரிவை மாற்றினால் போதும்.

சதுரத்தின் நீளவாட்டுப் பக்கம் எப்போதும் 50 வரும். ரோட்டரிக்கு அதில் பங்கில்லை. சுற்றுவாட்டுப் பக்கத்தை நாடாவை உரித்துத் தட்டையாக்கி அளங்கள். 48 வந்தால், ஒரு சுற்றுக்கான மி.மீ. எண்ணை 50ஆல் பெருக்கி 48ஆல் வகுங்கள்: 40 என்பது 41.67 ஆகும். ஆனால் பொறுங்கள். எண்ணை மாற்றுவதற்கு முன் அதே சதுரத்தை இன்னும் இரண்டு முறை போடுங்கள். மூன்று முறையும் 48 என்றால் பிழை எண்ணில் இருக்கிறது. 48, 49.5, 47 என்று ஆளுக்கொன்று சொன்னால் எண்ணில் பிழையில்லை, பொருள் வழுக்குகிறது. வழுக்கலை எண்ணால் திருத்தப் போய் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தவர்கள் பலர்.

வழுக்கல்

இது ரோலரின் நோய். மருந்துகள் பல. முதல் மருந்து முடுக்கம்: $121ஐ இருப்பதில் கால் பங்காகக் குறையுங்கள், $111ஐயும் குறையுங்கள். கனமில்லாத வெறும் தம்ளர் சட்டென்ற இழுப்புக்கு ஈடுகொடுக்காது. இரண்டாவது எடை: உள்ளே துணியில் சுற்றிய எடை ஏதாவது, பொருளோடு சேர்ந்து சுற்றும்படி இறுக்கமாக. தளர்வாகக் கிடந்தால் அது உள்ளே புரண்டு நிலைமையை மோசமாக்கும். மூன்றாவது பிடிப்பு: உருளை தொடும் இடத்தில் ரப்பர் வளையமோ காகித நாடாவோ. எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தாலே பாதி தீர்ந்துவிடும் என்பது தனி.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மருந்து, ரோட்டரிக்கு வேலையைக் குறைப்பது. நிரப்பும் கோடுகள் பொருளின் நீளவாக்கில் ஓடும்படி வையுங்கள், அதாவது வருடும் கோணம் 0. அப்போது தலை இடமும் வலமும் விறுவிறு என்று ஓடும். பொருள் கோட்டுக்குக் கோடு மயிரிழை மட்டும் திரும்பும். குறுக்கு நிரப்பல் வேண்டாம். எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வரையும் வெளிக்கோடும் முதல் வேலையில் வேண்டாம். அது பொருளை முன்னும் பின்னும் உலுக்கும்.

சக்கில் வழுக்கல் இல்லை, ஆனால் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு சுற்றுக்கு 3200 நுண்படி, சுற்றளவு 229.3 மி.மீ. என்றால் ஒரு நுண்படி மேற்பரப்பில் 0.0717 மி.மீ. நீங்கள் கோட்டு இடைவெளியை 0.1 என்று வைத்தால் அது 1.4 படி, மோட்டாரால் 1.4 படி எடுக்க முடியாது, ஆகவே சில கோடுகள் நெருங்கியும் சில விலகியும் விழும். நிரப்பிய இடத்தில் மெல்லிய வரிகள் தெரிவது இதனால்தான். இடைவெளியை 0.0717 அல்லது 0.143 என்று வையுங்கள், வரிகள் மறையும். 16 மி.மீ. உருளையுள்ள ரோலரில் அதே நுண்படி 0.0157 மி.மீ. மட்டுமே, அங்கே இந்தக் கவலை பெரிதாக இல்லை.

முதல் உண்மையான வேலை

நிமிர்த்தி வைத்த தம்ளரில் பெயர் நேராகப் படிக்கப்பட வேண்டுமானால், படுத்திருக்கும் தம்ளரில் அதைத் திரையில் 90 பாகை திருப்பியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் அடி என்று பார்த்துத் திருப்புங்கள்; தலைகீழாக வந்த தம்ளரைப் பரிசு கொடுக்க முடியாது.

தொடங்கும் இடம் "தற்போதைய இடம்" என்றும், படத்தின் ஆதாரப்புள்ளி நடு என்றும் வையுங்கள். இயந்திரத்துக்கு மூலை எங்கே என்று தெரியாத நிலையில் இதுவே பாதுகாப்பு. பொருளில் நடு எங்கே வரவேண்டுமோ அங்கே புள்ளியைக் கொண்டுவந்து, சட்டமிடும் பொத்தானை அழுத்தி, தலை பொருளின் விளிம்பையோ சக்கையோ இடிக்காமல் முழு எல்லையையும் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். கைப்பிடி உள்ள குவளையில் இதை மெதுவான வேகத்தில் செய்யுங்கள். கைப்பிடி தலையில் மோதுவது இங்கேதான் தெரியவரும்.

ஒருபுறம் குறுகிய தம்ளர் ரோலரில் நடந்துபோகும். ஒரே வேகத்தில் ஓடும் உருளை, பருத்த முனையையும் மெலிந்த முனையையும் ஒரே நேரத்தில் சரியாகச் சுற்ற முடியாதல்லவா. இரண்டில் ஒன்று வழுக்கியே தீரும், பொருள் மெல்லப் பக்கவாட்டில் நகரும். ஒரு முனையை மட்டும் உருளை பிடிக்க, மறுமுனை தடையின்றி உருளும் சக்கரங்களில் தங்கும்படி வைத்தால் சமாளிக்கலாம். சக்கில் ரோட்டரியைச் சாய்த்து உச்சிக்கோட்டை மட்டமாக்கி, படம் விழும் இடத்தின் நடுவில் உள்ள விட்டத்தைக் கொடுங்கள். மேலே 88, கீழே 70 மி.மீ. உள்ள தம்ளரில் நடுவிட்டமான 79ஐக் கொடுத்தால், மேல் விளிம்பில் எழுத்து 11 சதவீதம் விரியும், அடியில் அதே அளவு சுருங்கும். நடுவில் ஒரு சிறு பெயருக்கு இது தெரியாது. மேலிருந்து அடிவரை ஒரு கொடிப்பின்னல் போட்டால் நன்றாகவே தெரியும்.

பொருளைப் பற்றி இரண்டு சொல். பவுடர் பூச்சுள்ள எஃகு தொடங்குவதற்கு மிக எளிது, பூச்சு மட்டும் கழன்று உலோகம் பளிச்சிடும். தெளிந்த கண்ணாடியை நீல டையோடு கதிர் ஊடுருவிப் போய்விடும், ஆகவே மேலே கறுப்புப் பெயின்ட் பூசி, முடிந்ததும் கழுவ வேண்டும். சிஓ2 லேசருக்கு அது தேவையில்லை. பிவிசி கலந்த எந்த உறையையும் லேசருக்குக் காட்டாதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் சேர்த்தே அரிக்கும்.

வேலை முடிந்து தட்டைப் பலகைக்குத் திரும்பும்போது, மின்சாரத்தை நிறுத்தி மோட்டார் கேபிள்களைப் பழைய இடத்தில் செருகுங்கள், கவ்விகளை எடுங்கள், சேமித்து வைத்த எண்களைத் திரும்பக் கொடுங்கள், ஹோமிங்கை இயக்குங்கள். சக்கில் 73 மி.மீ. தம்ளருக்குக் கொடுத்த எண்களோடு ரோட்டரித் தெரிவை அணைக்க மறந்தால் மறுநாள் 100 மி.மீ. உயரப் பெட்டி ஒன்று பலகையில் 17 மி.மீ. பட்டையாக வந்து நிற்கும். மோட்டாரையோ பெல்ட்டையோ சந்தேகிக்க வேண்டாம். அமைப்புப் பெட்டியைத் திறந்து அந்த ஒரு தெரிவை அணைத்தால் போதும்.